பழைய வில்லுக்கு ஒரு கிண்ணம்

மச்சான் இருந்தார். நான் இருந்தேன். வில் விற்ற மலைக்காரக் கிழவர் இருந்தார். அவருடைய மகள், நாற்பது வயதிருக்கும், தேத்தண்ணி ஊற்றினாள். பர்மாவில், லான்மடாப் பேட்டையில் ஒரு மரவீட்டின் மாடி. மொத்தம் நான்கு பேர். பாயின் நடுவில் அவள் வைத்த பீங்கான் கிண்ணங்கள் ஐந்து. ஐந்தாவது இருந்த பக்கம் யாரும் உட்காரவில்லை.

மச்சான் என் அக்காளின் கணவர். அக்காளை நான் லாத்தா என்று கூப்பிடுவேன். மச்சான் அலோன் கப்பல்துறையில் மூட்டை சுமந்தவர். ஒரு மழைக்காலத்தில் பலகை வழுக்கி மூட்டையோடு விழுந்தார். இடுப்பு போயிற்று. நடக்கலாம், சுமக்க முடியாது. வீட்டில் மூன்று பிள்ளைகள். நான் கிட்டங்கியில் சாக்கு வாய் தைப்பவன். என் கூலி என் வீட்டுக்கே காணாது. ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினுக்குப் பாலம் வந்து பஸ் ஓடத் தொடங்கியிருந்தது. அங்கே ரப்பர்த் தோட்டத்துக்குப் பின்னால் புதர்க்காட்டில் முயலும் கேளைமானும் உண்டு. துப்பாக்கி வைத்திருக்க முடியாத காலம். அதனால் வில். பர்மாக்காரர்கள் தூலே என்பார்கள். கட்டையின் மேல் குறுக்கே வில் இருக்கும். நாணை இழுத்து மாட்டி, விசையைத் தட்டினால் அம்பு போகும்.

சுவரில் மூன்று தூலே தொங்கின. இரண்டு புதியவை. மச்சான் அவற்றைத் தொடவே இல்லை. "புது மரம் ஒரு மழை பார்த்தா எந்தப் பக்கம் கோணும்னு அதுக்கே தெரியாது, மாப்புள. பழசு கோணுறதையெல்லாம் கோணி முடிச்சிருக்கும்" என்றார். பழையதை எடுத்தார். அம்பு ஓடும் பள்ளத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வில்லின் மேல் நகத்தை ஓட்டி வெடிப்புத் தேடினார். நாணைச் சுண்டிக் காது கொடுத்தார். விசை எலும்பால் செய்தது. விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்தது. மச்சான் தன் விரலை அதில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். சேரவில்லை. இடது கைக்காரனின் தேய்வு.

"யாருது, அபோ?" என்று கேட்டார். வயசானவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்.

"என் மகனுது. போன வருஷம் போயிட்டான்" என்று கிழவர் ஐந்தாவது கிண்ணத்தைக் காட்டினார். செத்தவன் வில்லை வாங்குகிறவன் முதலில் அவனிடம் கேட்க வேண்டுமாம். அவன் கிண்ணத்துத் தேத்தண்ணி ஆறும் வரை காத்திருக்க வேண்டுமாம். அவர்கள் வழக்கம்.

மச்சான் சிரித்தார். "இருக்கிறவங்ககிட்ட கேட்டு வாங்கவே எனக்கு வாய் வராது. இதுல போனவன்கிட்ட வேறயா?" என்று அந்தக் கிண்ணத்தை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.  மகள் வெறும் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். கிழவர் விலையைப் பாதியாகக் குறைத்தார். நாங்கள் பேரம் பேசவே இல்லை.

முதல் தடவை நானும் கூடப் போனேன். நல்ல வெயில். ரப்பர் மரங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசை. சருகில் எங்கள் காலடி கேட்டது. நாங்கள் நின்றோம். ஒரு காலடி மட்டும் பிந்தி நின்றது. மச்சான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். புதர் ஓரத்தில் முயல். எங்கள் ஆட்கள் பிஸ்மில்லாஹ் என்று அல்லாஹ்வின் பேரைச் சொல்லித்தான் எய்வார்கள். அந்தக் கறிதான் ஹலால். மச்சான் வில்லைத் தூக்கி வாயைத் திறந்தார். "பிஸ்" என்றார். அம்பு போய்விட்டது. முயல் துடிக்கக்கூட இல்லை. நான் பக்கத்தில் நின்றேன். மச்சானின் விரல் விசையின் மேல் இல்லை. வெளியே நீட்டியபடி இருந்தது.

விசை தளர்ந்திருக்கும் என்றேன். அவர் வீட்டில் நாணை மாட்டி வில்லை உலுக்கினார். தரையில் தட்டினார். விசை அசையவில்லை. மறுபடி போனார். அந்தக் கோடை முழுக்கப் போனார். வில் ஒரு தடவைகூடக் குறி தப்பவில்லை. அவரும் ஒரு தடவைகூடப் பேரைச் சொல்லி முடிக்கவில்லை. விழுந்ததையெல்லாம் ரப்பர்ப் பால் வெட்டும் பர்மாக்காரர்களின் குடிசையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறுவார்.

லாத்தாவுக்கு அது எப்படியோ காதில் விழுந்தது. "பிள்ளைங்க வெறும் மீன் ஙாப்பியத் தொட்டுக்கிட்டு சோறு திங்குதுங்க. இவரு ஊருக்குக் கறி பங்கு வைக்கிறாரு. பெரிய நவாப்பு!" என்றாள்.

"பேரச் சொன்னவன் எய்யல. எய்தவன் பேரச் சொல்லல. அந்தக் கறிய எப்படிடி பிள்ளைக்குக் குடுப்பேன்?" என்றார் மச்சான். லாத்தாவுக்குப் புரியவில்லை. அவரும் விளக்கவில்லை. சொன்னால் பயந்து போவாள் என்று என் வாயையும் கட்டினார்.

திரும்ப லான்மடா போனோம். கிழவர் எல்லாவற்றையும் கேட்டார். "அவனுக்குக் கோபமெல்லாம் இல்லை. அவன் கிண்ணத்தை நீ குடிச்சே. ஒரு கிண்ணம் ஊத்தி வை, ஒதுங்கிக்குவான்" என்றார்.

ஒரு கிண்ணம் தேத்தண்ணி. அவ்வளவுதான். மச்சான் படியிறங்கித் தெருவில் நெடுநேரம் நின்றார். செத்தவனுக்குப் படைப்பது எங்களுக்கு ஆகாது. படைத்தால் பிள்ளைகளுக்குக் கறி கிடைக்கும். "அல்லாஹ் பேரச் சொல்ல நான் இன்னொருத்தன்கிட்ட உத்தரவு கேக்கணுமா, மாப்புள?" என்றார்.  

வில்லைச் சுவரில் மாட்டினார். பிறகு தொடவில்லை. விற்கவும் விடவில்லை, வாங்குகிறவன் கதியும் இதுதானே என்பார். மூத்த பையன் பள்ளிக்கூடத்தை விட்டு அலோனில் மூட்டை தூக்கப் போனான். சாயங்காலம் அவன் தோளைத் தடவிப் பார்ப்பார். எந்த வீட்டில் தேத்தண்ணி வந்தாலும் ஆட்களையும் கிண்ணங்களையும் கண்ணால் எண்ணிவிட்டுத்தான் எடுப்பார்.

மச்சான் மவுத்தாகி, அடக்கம் முடிந்து வருஷம் திரும்பிவிட்டது. போன வாரம் பையன் கூப்பிட்டான். "மாமு, வாப்பாவோட தூலேயக் கேட்டு ஆள் வர்றாரு. நீங்களும் வந்துருங்க." போனேன். தன்லியின்காரர் ஒருவர். வாங்கத் தெரிந்தவர். பள்ளத்தைப் பார்த்தார், நகத்தை ஓட்டினார், நாணைச் சுண்டினார். விசையில் விரலை வைத்து, "ரெண்டு பேரு எய்த வில்லா இது?" என்றார். வாங்கிப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு தேய்வு. வலது பக்கம் அதே ஆழத்துக்கு இன்னொன்று. இத்தனை வருஷமும் சுவரில் தொங்கிய வில்.

லாத்தா தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். லான்மடா சங்கதி அவளுக்குத் தெரியாது. மச்சான் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. லாத்தா, பையன், வாங்க வந்தவர், நான். நான்கு பேர். பாயில் அவள் கிண்ணங்களை இறக்கி வைத்தாள். எண்ணினேன்.

ஆறு.