‘முடியாது’ என்று சத்தமாகச் சொல்

கணக்கு நடத்தினால் விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். சுத்தம், நல்ல பழக்கம், பாதுகாப்பு என்று நடத்தினால் விடை பிள்ளைகளின் வீட்டில்தான் இருக்கும். ஆரம்பப் பள்ளியில் குப்பை கொட்டுகிற அத்தனை பேருக்கும் இது தெரியும். “சும்மா கை கழுவச் சொல்ற பீரியடுதானே” என்று எங்கள் தலைமையாசிரியர் இதை வெள்ளிக்கிழமை கடைசி மணிக்குத் தள்ளிவிட்டார். சும்மாவாம்! ஒரு நாள் வந்து நின்று பார்க்கட்டும். எங்கள் பள்ளி சுருளிப்பட்டிக்குப் பக்கத்தில். நான் நாலாம் வகுப்பு டீச்சர்.

சோப்புக்கு மசியாத கறை

முதல் பாடம் கை கழுவுவது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகம் என்று செய்து காட்டிவிட்டு, “இன்னைக்கு ராத்திரி வீட்ல இருக்கிறவங்களுக்கு நீங்க சொல்லிக்குடுக்கணும்” என்று அனுப்பினேன். ஒரு புது சோப்பைக் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டு வேறு கொடுத்தேன். பெருமைதான், வேறென்ன.

திங்கட்கிழமை பாண்டிமீனா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அவள் அம்மா செல்வராணி மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். காய் எடுக்கிற கையில் கறுப்பாய்க் கறை ஏறிவிடும், சோப்புக்கெல்லாம் மசியாது. அது எனக்கும் தெரியும், பாடம் நடத்தும்போது மறந்துபோச்சு. பாண்டிமீனா சொன்னாள்: “துண்டு சோப்பும் தீந்துருச்சு டீச்சர், எங்கம்மா கை அப்படியே இருக்கு. நீங்களே வந்து ஒரு தடவை கழுவி விடுங்க.”

ஐந்து விரல்

அடுத்த வாரம் பாதுகாப்பு. கையைத் தாளில் வைத்து வரைந்து, ஒவ்வொரு விரலிலும் ஒரு பெயர் எழுத வேண்டும். ஏதாவது பயமாக இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வாயோ அவர் பெயர். ஒரு பயல் ஐந்து விரலிலும் தன் ஆட்டுக்குட்டிகளின் பெயரை எழுதியிருந்தான். அதை விடுங்கள். பாண்டிமீனா கட்டைவிரலில் எழுதியிருந்தது: ‘ஜீப்பு ராசு மாமா.’

எனக்குத் திக்கென்றது. வெளி ஆம்பளைகளிடம் கவனமாக இருக்கத்தானே இந்தப் பாடமே! தனியாகக் கூப்பிட்டு, அவர் உனக்குச் சொந்தமா, வீட்டுக்கு வருவாரா, மிட்டாய் கிட்டாய் வாங்கித் தருவாரா என்று பதமாகக் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “விடியக்கால எங்கம்மாவ ஜீப்புல மலைக்குக் கூட்டிட்டுப் போறாக, பொழுது சாயத் திரும்பக் கொண்டாந்து விட்டுர்றாக. அப்பா திருப்பூர்ல. வேற யார எழுதச் சொல்றீக?”

முடியாது

தப்பென்று பட்டால் யார் சொன்னாலும், பெரியவர்களாகவே இருந்தாலும், ‘முடியாது’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இதுதான் அடுத்த பாடம். முதலில் ஈனசுரத்தில் சொன்னார்கள். “தெருவுக்குக் கேக்கணும்!” என்றேன். கேட்டது. பாண்டிமீனா குரல் தனியாகவே கேட்டது. தலைமையாசிரியர் என்னமோ ஏதோவென்று ஓடி வந்தார். வந்த இடத்தில், “ஏலே, சத்தம் போடாம உக்காருங்க” என்றார். முப்பது பேரும் ஒரே குரலில் “முடியாது!” என்றார்கள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. போகும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: “இதச் சொல்லிக் குடுத்துட்டு நாளப்பின்ன நாம எப்படிம்மா பொழைக்கிறது?”

பத்து சீட்டு

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சாலைப் பாதுகாப்பு. கரும்பலகையில் ஒரு ஜீப் வரைந்து பத்து சீட்டும் போட்டு, “சீட்டு எத்தனையோ, ஆளும் அத்தனைதான்” என்றேன். ஜீப்பை ஏன் வரைந்தேன்? பஸ் வரைந்திருக்கலாம். எனக்கு ஜீப் நன்றாக வரும், அவ்வளவுதான்.

மறு வாரம் செல்வராணி பள்ளிக்கு வந்தார். வேலை நாளில் அவரை நான் பார்த்ததே இல்லை. நடந்தது இது: திங்கட்கிழமை காலையில் அம்மாவை வழியனுப்பப் போன பாண்டிமீனா, ஜீப்புக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். பதினேழு பேர் என்று எண்ணிச் சொல்லி, “பத்துப் பேருக்கு மேல முடியாது!” என்று கத்தியிருக்கிறாள். தெருவுக்கே கேட்டிருக்கிறது. ராசு இறங்கி வந்து, “அப்ப மொதல்ல உங்கம்மாவ எறக்கு” என்று செல்வராணியை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று நாளாக ஏற்றவே இல்லை. இன்னும் ரெண்டு நாள் போகாவிட்டால் தோட்டத்தில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

“நான் சொன்னா மன்னிப்புக் கேக்க மாட்டேங்கிறா. நீங்க சொல்லுங்க” என்றார் செல்வராணி. நான் சொன்னது சரிதானே என்று மெதுவாக இழுத்தேன். அந்த அம்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை. “நீங்க சொன்னது சரிதான் டீச்சர். நான் யாரு சீட்டுல போய் உக்காரட்டும், அதையும் சொல்லுங்க.”

நான் போய் நின்றது

பிள்ளையை மன்னிப்புக் கேட்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. நானே போனேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜீப் நிற்கிற இடத்தில் நான், எனக்குப் பின்னால் சாப்பாட்டுத் தூக்கோடு செல்வராணி. ராத்திரியெல்லாம் பேச வேண்டியதை நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். வளைவுகள், பிரேக், பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாம் அதில் இருந்தது.

ராசு நான் நினைத்த மாதிரி ஆள் இல்லை. துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினார். “நானா டீச்சர் இழுத்து ஏத்துறேன்? ஒருத்தர விட்டா அந்த வீட்ல அன்னைக்கு அடுப்பு எரியாது. யார எறக்கணும்னு நீங்களே கை காட்டுங்க, எறக்கிர்றேன்.” ஜீப்புக்குள் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அதில் நாலு பேர் என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள்.

என் கை எழும்பவே இல்லை. “செல்வராணியக் கூட்டிட்டுப் போங்க தம்பி” என்றேன். அதுதான் வாயில் வந்தது. செல்வராணி பின்பக்கம் ஒருக்களித்து ஏறிக்கொண்டார். கதவைச் சாத்திவிட்டு ராசு கேட்டார்: “இம்புட்டுத்தானே டீச்சர், இதுக்கா விடியக்கால இம்புட்டுத் தூரம் வந்தீக?”

கடைசி மணி

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பாண்டிமீனா என் மேசைக்கு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அம்மா வேலைக்குப் போயாச்சு, டீச்சர் போய்ப் பேசியாச்சு. ஐந்து விரல் தாளை எடுத்து வந்திருந்தாள். கட்டைவிரலில் ராசு மாமாவை அழித்துவிட்டு என் பெயரை எழுதியிருந்தாள்.

“எத்தனை பேரு டீச்சர் ஏறுனாக?” என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். “பதினேழு” என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நோட்டைத் திருத்துகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவள் கோபமாகவெல்லாம் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: “முடியாதுன்னு தெருவுக்குக் கேக்குற மாதிரி சொன்னீகளா டீச்சர்?”

இத்தனை வருஷமாக நாலாம் வகுப்பு எடுக்கிறேனே தவிர, நான் இன்னும் நாலாம் வகுப்பே பாஸ் பண்ணவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.