முப்பத்திரண்டாவது எட்டில் நின்ற கள்ளி

நாகநாதன் மாஸ்டரின் புத்தகத்தை அச்சடித்த பாவி நான்தான். செக்காலை ரோட்டில் என் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், இவைதான் பிழைப்பு. அறுபத்தெட்டாம் வருஷம் ஒருநாள், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்த இந்த மனிதர் ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்தார். நம் பக்கத்துக் கள்ளி, கற்றாழைகளைப் பார்த்து அடையாளம் காண ஒரு கையேடாம். எனக்குத் தலை சுற்றியது. கள்ளியை அறியப் புத்தகம் எதற்கு? மிதித்தால் தெரிந்துவிடுமே.

இரண்டு வருஷம் லீவு நாளெல்லாம் குடையும் நோட்டுமாக, அரியக்குடியிலிருந்து நாச்சியாபுரம் வரை பொட்டல் பொட்டலாக அலைந்திருக்கிறார். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, சப்பாத்திக்கள்ளி ஒன்றையும் விடவில்லை. செடிக்கு ஒரு படம், பூக்கும் மாதம், பால் கண்ணில் பட்டால் என்ன செய்வது, கடைசியில் அது நிற்கும் இடம். அந்த இடத்தைச் சொல்வதில்தான் அவருக்குக் கொள்ளைப் பெருமை. கிணறோ மரமோ ஏதாவது ஒன்றிலிருந்து எட்டு வைத்து எண்ணி எழுதியிருந்தார். "சொன்ன இடத்தில் சொன்ன செடி நிற்கும், நிற்காவிட்டால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன்" என்று முன்னுரையில் சவால் வேறு.

ஒரு பிரதிகூட விற்கவில்லை. மனிதர் அசரவில்லை. போகிற கல்யாணத்துக்கெல்லாம் அதையே பரிசாகக் கொடுக்க ஆரம்பித்தார். மங்கல காரியத்தில் முள்படத்தை நீட்டுகிறாரே என்று அவர் சம்சாரம் விசாலம் வெட்கத்தில் செத்துப்போவாள். பின்னாலேயே போய் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்துவிட்டு வருவாள்.

"ஒரே ஒரு ஆளு முழுசாப் படிச்சாப் போதும்ண்ணே" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். நான் தலையாட்டுவேன். எழுத்தெழுத்தாக அச்சுக் கோத்த நானே அதைப் படித்ததில்லை.

படிக்க ஒரு ஆள் எழுபத்துநாலில் கிடைத்தார். நாச்சியாபுரத்தில் மாஸ்டருக்கும் அவர் அண்ணன் மலையாண்டிக்கும் பொதுவில் ஒரு புஞ்சை உண்டு. உழுவதெல்லாம் அண்ணன்தான். அடுத்த புஞ்சைக்காரர் தங்கச்சாமி. நடுவில் சதுரக்கள்ளி வேலி. தங்கச்சாமி வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்து இரண்டு மாசம் கிடையாய்க் கிடந்தார். வீட்டில் வாசிக்க இருந்தது பஞ்சாங்கமும், மகள் கல்யாணத்துக்கு மாஸ்டர் கொடுத்த புத்தகமும்தான். பதினாலாம் பக்கத்தில் அந்த வேலி இருந்தது. மாஸ்டர் புஞ்சைக் கிணற்றடிப் புளியமரத்திலிருந்து கிழக்கே முப்பத்திரண்டு எட்டு. கால் சரியானதும் அவர் முதல் காரியமாகப் போய் எண்ணினார். முப்பத்தெட்டு வந்தது; வேலி ஆறு எட்டு அவர் புஞ்சைக்குள் வந்திருந்தது.

இது எங்கள் பக்கத்து வித்தைதான். ஒவ்வொரு மழைக்கும் வேலியில் சந்தடைக்கிற சாக்கில் புதுக்கள்ளியை ஒரு முழம் தள்ளி ஊன்றுவது. அது வேர்விட்டதும் உள்பக்கத்துப் பழசை வெட்டிவிடுவது. ஊரில் செய்யாதவன் யார்? ஆனால் அதை எண்ணிப் புத்தகம் போடும் தம்பி வாய்த்தது மலையாண்டி ஒருவருக்குத்தான்.

சர்வே கல் எப்போதோ காணாமல் போயிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் புஞ்சையிலேயே கூடினார்கள். மாஸ்டருக்கு ஆள் வந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு போனார். போனதும் அண்ணன் அவரை ஒதுக்கமாகக் கூப்பிட்டு, "எட்டைத் தப்பா எண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருடா" என்றார். கெஞ்சியே பழகாத ஆள் கெஞ்சினார்.

தங்கச்சாமி கோபப்படவில்லை. பதினாலாம் பக்கத்தை விரித்து நீட்டினார்.

"மாஸ்டர், புத்தகம் தப்பா, வேலி தப்பா? நீங்க சொல்றதுக்குக் கட்டுப்படுறேன்."

மாஸ்டர் முகத்தில் ரத்தமே இல்லை.  அச்சுப்பிழை என்று என் தலையில் போட்டுவிடுங்கள் என்று அவர் காதில் ஓதினேன்.

"உங்க அச்சுல ஆயிரம் பிழை இருக்குண்ணே. இது பிழையில்ல" என்றார் பாவி மனுஷன்.

புளியமரத்தடிக்குப் போய் அவரே எண்ணி நடந்தார். முப்பத்திரண்டில் நின்றார். வேலி இன்னும் ஆறு எட்டு தள்ளி இருந்தது. அவர் காலடியில், வெட்டிய கள்ளியின் அடிக்கட்டைகள் மண்ணில் வரிசையாகக் கிடந்தன.

"இங்கதான் நின்னுச்சு" என்றார்.

மலையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தம்பியைப் பார்க்காமலே போய்விட்டார்.

இரண்டு மாசம் கழித்து மாஸ்டர் அச்சகத்துக்கு வந்தார். இளைத்திருந்தார். பொங்கலுக்கு ஊரிலிருந்து அழைப்பு வரவில்லை என்றார். அண்ணன் பேசினாரா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினார். புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திருத்தவாவது வந்தாரோ என்று நினைத்துப் பென்சிலை எடுத்தேன்.

"அதுல திருத்தம் ஒண்ணும் வேண்டாம்ண்ணே" என்றார். "வேலியைப் பிடுங்கி முப்பத்திரண்டுலயே நட்டுட்டாக."

என் மேஜையில் கிடந்த பிரதியை எடுத்துப் புரட்டினார்.

"ஆனா பத்தொம்பதாம் பக்கத்துல திருகுகள்ளி பூக்குற மாசம் தப்பாம். தங்கச்சாமி கண்டுபிடிச்சுச் சொன்னாக. முழுசாப் படிச்சிருக்காகண்ணே."