தோஹாவிலிருந்து கல்முனை எவ்வளவு தூரம்?

சென்ற வெள்ளிக்கிழமை அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, இஸ்ஸதீன் காக்கா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தது. வளைகுடா நாடுகளுக்குச் சென்ற நம்மூரவர் பலருக்கும் விமானச் சீட்டு எடுத்துத் தந்தவர் அவர். பள்ளிவாசல் செயலாளர் என்ற முறையில் ஜனாஸா நேரத்தை அறிவிப்பது என் பொறுப்பு. அவருடையதையும் நானே அறிவிக்க வேண்டியிருந்தது.

தோஹாவிலிருந்து கொழும்பு மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல்; விமானத்துக்கு ஐந்து மணித்தியாலம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கல்முனை அதில் ஏறத்தாழ பத்திலொரு பங்குதான். வேனுக்கு அதைவிடக் கூடுதலான நேரம் தேவை. இது என்ன நியாயம் என்று ஒருமுறை காக்காவிடம் கேட்டேன். "பிளேனுக்கு வழியில தேத்தண்ணிக் கடை இல்லயே தம்பி" என்றார். பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் மௌத்து நிகழ்ந்தால், அவரைக் கேட்ட பிறகே அடக்கத்துக்கு நேரம் குறிப்போம். அவர் கணக்கு பிழைக்காது என்று நம்பியிருந்தோம்.

பக்கத்து நற்பிட்டிமுனையில் ஒருமுறை ஒரு மௌத்து வீடு. கணவனை இழந்த பெண், தோஹாவிலுள்ள மகனுக்காகக் காத்திருக்கலாமா என்று கேட்டார். "இப்ப ஏறினாலும் நாளைக்குப் பின்னேரம் அஸர் கடந்திரும் தங்கச்சி. தூரம். வைக்காதீங்க" என்றார் காக்கா. வெளியே வந்ததும் நான் பொறுக்காமல், "சுபஹுக்கே வந்துசேரலாமே காக்கா, கணக்குப் பிழை" என்றேன். "பிழைதான். உங்கட வாய வெச்சிக்கிட்டுச் சும்மா வாங்க" என்று சைக்கிளை எடுத்தார். காரணம் சொல்லவேயில்லை.

அவருடைய ஒரே மகன் றிஸ்வானும் தோஹாவில்தான் இருக்கிறான். காக்கா மௌத்தான அன்று காலை அவனைத் தொலைபேசியில் அழைத்தேன். அழுதான். "கொம்பனில விடுறாங்க இல்ல சாச்சா. பாஸ்போட்டும் அவங்கட்ட. உம்மா தாங்கமாட்டா. வாப்பா சொல்றமாதிரி, தூரமெண்டு சொல்லிருங்க."

"வாப்பா யாரிடம் அப்படிச் சொன்னார்?"

"வர ஏலாத ஆக்கள்ற உம்மாமாருக்கெல்லாம்."

வீட்டில் காக்காவின் மனைவி மரியம் மதினி திரைச்சீலைக்கு அப்பாலிருந்து கேட்டார்: "தம்பி, மகன் வந்திருவானா? நாளைக்குச் சுபஹு வரைக்கும் வெச்சிருக்கவா?"

ஒரு கூட்ட அறிக்கையில்கூடப் பிழை விடாதவன் நான். "நாளை அஸரும் கடந்துவிடும் மதினி. தூரம்" என்றேன்.

"ஓம் தம்பி, தூரம்தான். இண்டைக்கே எடுங்க" என்றார்.

அஸருக்குப் பின் அடக்கினோம். மறுநாள் றிஸ்வானே தொலைபேசியில் தாயிடம் உண்மையைச் சொல்லிவிட்டான். என்ன சொன்னார் என்று அவனிடம் கேட்டேன். "சாப்பிட்டியா எண்டு கேட்டா."

காக்காவின் அலுவலகம் அவ்வீட்டின் முன்னறைதான். தோஹாவின் பயண நேரத்தை மதினி எத்தனை ஆயிரம் தடவை காதில் வாங்கியிருப்பார்! என்னை நம்பினாரா, நம்பியதாகக் காட்டினாரா? காக்கா செய்தது இரக்கமா, பொய்யா? மார்க்கம் தெரிந்த இருவரிடம் கேட்டேன். இரண்டு விடைகள் கிடைத்தன.

காக்காவிடமிருந்து எனக்குச் சேர்ந்தது அந்தப் பிழையான நேரம் ஒன்றுதான். அதைச் சொன்னபோது என் குரல் ஏன் தடுமாறவில்லை என்பதும் விளங்கவில்லை. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. என்னை மன்னிப்பானாக, இதில் மன்னிக்க ஏதும் இருந்தால்.