கிள்ளானில் ஒரு முடியப்பன்

பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் நேபாளக் காவலாளி தினமும் காலையில் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிட்டு, "மார்னிங், மிஸ்டர் ஸ்டீபன்" என்பார். இத்தனை வருஷமாகியும், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். என் பெயர் முடியப்பன். பங்சார் அலுவலகத்தில் சேர்ந்த அன்று மலாய்க்கார மேலதிகாரி அம்மாள் இவ்வளவு நீளப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். கிரீடம் சூடியவர் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. சுல்தான்கள் இருக்கிற நாட்டில் கிரீடத்தைப் பற்றி விளையாட்டாகப் பேசக்கூடாது என்று எனக்கு எங்கே தெரியும்? நீங்கள் ராஜ குடும்பமா என்று பணிவாகக் கேட்டார். பக்கத்து மேசைக்காரர், சுங்கை பூலோவைச் சேர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர், "முடியப்பன்னா நம்ம ஸ்டீபன்தான் லா" என்று இந்த ஊர் 'லா' போட்டுச் சிரித்துக் காப்பாற்றினார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டது.

அவர் சொன்னது சரிதான். கிரேக்கத்தில் 'ஸ்டெஃபனோஸ்' என்றால் வென்றவன் தலையில் சூட்டும் மாலை, கிரீடம். அந்தப் பெயரைப் பிரபலமாக்கிய ஆள் கல்லடி பட்டுச் செத்தவர். கிறிஸ்துவுக்காக உயிர்விட்ட முதல் மனிதர். அப்புறம் பெயருக்கு யோகம் அடித்தது. ஹங்கேரியில் அரசன், செர்பியாவில் அரசன், இங்கிலாந்தில் அரசன், ரோமில் போப்பாண்டவர். நம் பக்கம் பழைய சாமியார்கள் பேதுருவை ராயப்பர் என்றும் பவுலைச் சின்னப்பர் என்றும் மாற்றிய கையோடு ஸ்தேவான் என்கிற இந்த ஸ்டீபனை முடியப்பர் ஆக்கினார்கள். திண்டுக்கல் பக்கத்து எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவருக்குத் திருநாள். அந்தப் பெயருள்ள வீடுகளில் அன்று கறிச்சோறு. அம்மா விடியுமுன் எழுப்பி, நெற்றியில் சிலுவை போட்டு, இன்றைக்கு உன் நாள் என்பாள். பிறந்தநாளை யார் கண்டது? இங்கே அந்த நாளில் அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது நெற்றியில் நானே சிலுவை போட்டுக்கொள்கிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

எனக்கு அந்தப் பெயரை வைத்தது அப்பாவின் அண்ணன் நினைவாக. பெரியப்பா முடியப்பன் வாலிபத்தில் இந்த நாட்டுக்கு, கிள்ளான் பக்கத்துக் கேரித் தீவுத் தோட்டத்துக்குக் கப்பலேறினார். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு கடிதம், அதோடு சரி. காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருப்பான் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். கல்லறைத் திருநாளன்று, ஊரில் கல்லறை இல்லாதவர்களுக்காக நடுச் சிலுவையடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவது எங்கள் வழக்கம். அப்பா வருஷம் தவறாமல் அண்ணனுக்கு ஒன்றை ஏற்றி, காற்றில் அணையாமல் கையால் மறைத்தபடி நிற்பார். நான் விமானம் ஏறியபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அண்ணன் எங்கே கிடக்கிறான் என்று பார்த்துச் சொல். எண்பதைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கேட்க ஆரம்பித்தார். நானும் தீவிலும் கிள்ளானிலும் கல்லறை கல்லறையாக முடியப்பனைத் தேடினேன். நாள் முழுக்க ஸ்டீபன் என்ற பெயருக்குத் தலையாட்டுகிறவனுக்கு, பெரியப்பாவுக்கும் அதே கதி நேர்ந்திருக்கும் என்று உறைக்கவில்லையே, என் புத்தியை என்னவென்று சொல்ல!

போன நவம்பர், கல்லறைத் திருநாள், கிள்ளான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஒரு கல்லறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த அறுபது வயது அக்கா ஒருவர், யாரைத் தேடுகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். அப்படி ஒருவரும் இந்த வரிசையில் இல்லை, இது தன் அப்பா ஸ்டீபன் என்றார். நகரப் போனவன், அவர் ஊற்றிய தண்ணீரில் தெளிந்த சின்ன எழுத்துகளைப் படித்தேன். சவரிமுத்து மகன் என்றிருந்தது. சவரிமுத்து என் தாத்தா. அதற்குக் கீழே எங்கள் ஊர்ப் பெயர். விரலால் தடவி மறுபடியும் படித்தேன்.

"அக்கா, உங்க அப்பா ஊரப் பத்திச் சொல்லியிருக்காரா?"

"பேசவே மாட்டாரு தம்பி. கேட்டா எழுந்து வெளிய போயிடுவாரு."

ஸ்டீபன் என்பது தோட்டத்துக்கு வந்த பாதர் எழுதிய பெயர் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அரசர்கள் வைத்துக்கொண்ட அந்தப் பெயரோடு பெரியப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டி, நான்கு பிள்ளைகளைக் கரையேற்றி, எழுபதுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். நான் யாரென்று சொன்னதும் அக்கா சோப்புக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அங்கேயே நின்று அப்பாவைக் கூப்பிட்டேன். கல்யாணம் ஆனதா, பிள்ளைகள் உண்டா, சுகமாக இருந்தானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். காய்ச்சலில் செத்த அண்ணனுக்காக இத்தனை காலம் அழுத மனுஷன், நன்றாக வாழ்ந்தும் ஒரு வரி எழுதாத அண்ணனை என்ன செய்வார், பாவம்! கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவன் அங்கயே இருக்கட்டும். நீ வந்துரு."

போனைக் காதிலிருந்து இறக்கினேன். சித்தப்பா என்ன சொன்னார் என்று அக்கா ஆவலாகக் கேட்டார். உங்களையெல்லாம் விசாரித்தார் என்றேன். அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈரக் கையால் பக்கத்துப் புல்தரையைக் காட்டினார்.

"இது நம்ம குடும்பத்துக்குன்னு வாங்கிப் போட்ட இடம். உனக்கும் இருக்கு தம்பி, கவலப்படாத."

அப்பா இன்னும் லைனில்தான் இருந்தார்.