காற்றில் ஓடும் மெஷினுக்குத் தண்ணீர் விட்டேன்

கிணற்றுக்குள்ளிருந்து கருப்பசாமியின் குரல் வந்தது. “அண்ணாச்சி, ராடு சிக்கிருச்சு. முன்னயும் போவல, பின்னயும் வரல.”

சிக்க வைத்தவன் நான்தான்.

முப்பது வருடம் வளைகுடாக் கடலில் எண்ணெய் ரிக்கில் டிரில்லராக இருந்தேன். கீழே இறங்கி, பிறகு படுக்கைவசமாகப் பல கிலோமீட்டர் போகும் கிணறுகள். அவற்றில் வேகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பாறை அல்ல, வெட்டிய தூள். படுத்த துளையில் அது அடியில் தங்கிவிடும். சேற்றுக் குழம்பை அழுத்தத்தில் விட்டு, பைப்பைச் சுற்றிக்கொண்டே அதை வெளியே தள்ளுவோம்.

ஓய்வுபெற்று மம்சாபுரம் வந்த பிறகு, கான்சாபுரத்தில் என் மதினியின் கிணற்றில் சைடு போர் போட்டார்கள். இரும்பு ராடுகளை ஒன்றோடொன்று கோத்து, கிணற்றுச் சுவரில் படுக்கைவசமாகத் துளை போட்டு ஊற்றைத் தேடும் வேலை. அண்ணன் தவறிய பிறகு மதினிக்கு அந்தத் தென்னந்தோப்புதான் கதி. மரங்கள் மட்டை தொங்கி நின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போர் மெஷினோடு வந்த கருப்பசாமிக்கு இரண்டு நாள்தான் நேரம். அடுத்து ராஜபாளையத்தில் வேலை. விட்டால் ஒரு மாதம் கழித்துத்தான் வருவான். அதுவரை மரம் தாங்காது.

நூறு அடி தாண்டியதும் வேகம் குறைந்தது. தூள் தங்குகிறது என்று கண்டுபிடித்தேன். அது சரிதான். காற்றோடு தண்ணீரும் விடச் சொன்னேன்.

“இது காத்துல ஓடுற மெஷினு அண்ணாச்சி. கொஞ்சம் தண்ணி பட்டாலும் தூளு மாவா அப்பிக்கிடும். ராடை இழுத்து இழுத்து ஊதுனாப் போதும்.”

“ஏலே, நான் எம்புட்டுக் கிணறு பாத்துருக்கேன். விடுலே தண்ணிய.”

விட்டான். பத்து நிமிடத்தில் சிக்கியது.

என் பேச்சை அவன் கேட்கவில்லை என்று நினைத்து, மதினி மேலிருந்து அவனைத்தான் திட்டினார். “தெரிஞ்சவிய சொன்னாக் கேக்கணும்ல?” நான் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கருப்பசாமி தண்ணீரை மூடி, வெறும் காற்றை விட்டுக் காயவைத்தான். நானும் கிணற்றில் இறங்கினேன். மல்லுக்கட்டி இழுக்காமல், விரலளவு முன்னே, விரலளவு பின்னே என்று ரெஞ்சால் திருப்பினோம். அது எனக்குத் தெரிந்த வேலை. மதியம் ராடு அசைந்தது.

பிறகு அவன் வழிதான். ஒவ்வொரு ராடுக்கும் நிறுத்தி, இழுத்து, ஊதிவிட்டுத்தான் அடுத்தது. ஊதுவதில் நேரம் போனாலும், காலை முழுக்கப் போன தூரத்தை மாலைக்குள் தாண்டிவிட்டோம். மறுநாள் துளையிலிருந்து கை கனத்துக்குத் தண்ணீர் பீறிட்டது.

மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க கொழுந்தன் இல்லன்னா இந்தத் தண்ணி ஏது?” என்று காப்பியை என்னிடம் நீட்டினார். ஹோஸைச் சுற்றிக்கொண்டிருந்த கருப்பசாமி நிமிரவே இல்லை.

இளம் இன்ஜினியர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயை நீங்கள் கண்டுபிடித்திருக்கலாம். மருந்தை, மெஷினைப் பிடித்திருப்பவனிடம் கேளுங்கள்.

“ராடு சிக்குனது என்னால மதினி. இவன் வேண்டாம்னுதான் சொன்னான். தண்ணி வந்தது இவனால” என்றேன், காப்பியை வாங்காமல்.

மதினி என்னை ஏற இறங்கப் பார்த்தார். காப்பியை அவனிடம் கொடுத்தார். எனக்கு வேறு போடவில்லை.