ரீபெகாவின் மண்ணில் தட்டைக் கல்

ரீபெகாவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் போதும், உருளைக்கிழங்கு கூடத் தொண்டையில் இறங்காது. இந்தப் பருவம் முழுக்க அவள் அரைவயிறுதான்.

ரகியூரா தீவுக்குத் தெற்கே எங்கள் குட்டித் தீவில் ஏப்ரல் வந்தால் தீத்திக் குஞ்சு பிடிப்போம். தீத்தி கடல் பறவை. ஆனால் குஞ்சு பொரிப்பதென்னவோ மண்ணுக்குள் தோண்டிய பொந்தில்தான். குடும்பத்துக்குக் குடும்பம் தனித்தனிப் பறவை மண் உண்டு. அடுத்தவர் எல்லைக்குள் கை நீட்டுவதைவிட அசிங்கம் எங்களுக்கு வேறில்லை.

ரீபெகாவின் மண்ணில் யாரோ கை நீட்டியிருந்தார்கள். குப்புறப் படுத்துத் தோள் வரை கையை விட்டுத் துழாவினால், கையைக் குதறும் கொழுத்த குஞ்சுகள் இருந்த பொந்துகளில் வெறும் ஈரம்தான் தட்டுப்பட்டது. இப்படியே போனால் மகளுக்குக் கொடுக்க மண் இருக்கும், பறவை இருக்காது.

தடயமும் கிடைத்தது. கை எட்டாத பொந்துக்கு மேலிருந்து குழி தோண்டிக் குஞ்சை எடுப்போம். எடுத்ததும் குழியை இறுக அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மழை இறங்கி, மறு வருடம் அந்த ஜோடி வராது. அவள் புருஷன் ராவிரி தழையும் மண்ணும் வைத்து அடைப்பான். இப்போது அங்கங்கே தட்டைக் கல் உட்கார்ந்திருந்தது. கல் வைப்பது பக்கத்து மண்ணுக்காரன் தெயோனேயின் பழக்கம்.

அதன்பின் அவன் சிரித்தால் குற்றம், சிரிக்காவிட்டால் அதைவிடக் குற்றம். அவன் கொடுத்தனுப்பிய மீனைக் கடற்காகங்களுக்கு வீசினாள். பருவம் முடிந்து எல்லாக் குடும்பங்களும் கூடும்போது அவனைத் தீவை விட்டே துரத்தப்போவதாகக் குடிசை குடிசையாகச் சொல்லி வைத்தாள்.

ஒரு தூறல் காலையில் சரிவில் வேலை செய்துகொண்டே போனவள், அவனைப் பிடிக்கவென்றே புதர்களைச் சுற்றித் திரும்பி வந்து பார்த்தாள். அவள் மண்ணில் தெயோனே மண்டியிட்டிருந்தான்.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டியா? பையைக் கவுத்துடா."

கவிழ்த்தான். ஒரு இறகு கூட இல்லை. தட்டைக் கற்கள்தான் விழுந்தன.

"மழை வருதுக்கா. காலையில நீங்க தோண்டின குழியெல்லாம் திறந்தே கிடக்கு."

"நாங்க ஒரு குழியைக்கூட அடைக்காம விட்டதில்லடா."

தெயோனே கற்களைப் பொறுக்கியபடியே மெல்லச் சொன்னான். "அடைச்சது அண்ணன்தானேக்கா. நீங்க முன்னாடி தோண்டிட்டே போவீங்க, அவர் பின்னாலயே வருவாரு."

ராவிரி இல்லாமல் அவள் வந்த முதல் பருவம் போன வருடம்தான். தோண்டினாள், எடுத்தாள், நடந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் திரும்பிப் பார்த்ததே இல்லை. பொந்துகளில் கைக்குப் பட்டது போன வருடத்து மழை. பறவைகளை யாரும் திருடவில்லை, அவளே விரட்டியிருக்கிறாள்.

"திருடன்னு நான் ஊரெல்லாம் ஏசினப்பக்கூட வாயைத் திறக்கலியேடா?"

"எப்படிக்கா சொல்றது? அண்ணன் செத்துட்டாருன்னு நான் வந்து சொல்ற மாதிரி இருந்துச்சு."

ரீபெகா அழுதாள். சாவு வீட்டில் கூட அப்படி அழவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு கல்லை எடுத்து, திறந்து கிடந்த குழியருகே மண்டியிட்டாள். குறுக்கே வைத்தாள், சரிந்தது. திருப்பி வைத்தாள், உள்ளே விழுந்தது.

"எப்படி வைக்கணும்னு காட்டு" என்றாள்.