இலை உதிர்த்த புங்கையும் ஏல நோட்டீஸும்

நகராட்சியில் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும், நட்டவர் பெயர் கல்வெட்டில் இருக்கும், திட்டு மட்டும் நமக்கு வரும். எழுபதுகளில் சீர்காழிப் பக்கம் ஒரு சின்ன நகராட்சியில் நான் தோட்ட மேஸ்திரி. மந்திரிகள் நட்ட கன்றுகளை எல்லாம் ஆடுகள் பார்த்துக்கொண்டன. தப்பியது தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற ஒரே ஒரு புங்கை. சைக்கிளில் குடம் கட்டி, நானே தண்ணீர் ஊற்றி வளர்த்தது.

தழைக்கு வந்தவர்

ஆடி பிறந்துவிட்டால் என் புங்கைக்கு ஆபத்து. வயலில் உரமாகப் போட்டு மிதிக்கப் புங்கந்தழை வேண்டுமே! ஒரு காலையில் பார்த்தால், குத்தகை விவசாயி ஒருவர் அரிவாளோடு மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார். கத்தினேன். அவர் சாவகாசமாக இன்னொரு கிளையைத் தள்ளினார். நிலத்திலிருந்து வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்று அதே ஆபீஸில் அவருக்கு வழக்கு நடந்துகொண்டிருந்தது. பேசிப் பேசித் தாழ்ந்த கிளைகளோடு நிறுத்த வைத்தேன். தழைக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்னார்:

"உச்சியை விட்டுட்டேன் மேஸ்திரி. வாய்தாவுக்கு வந்தா நானும் இங்கதானே நிக்கணும்!"

கயிற்றுக்கு இந்தப் பக்கம்

அடுத்த சித்திரையில் கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் செங்கொடியோடு வந்தார்கள். உயர்த்தக் கூடாதென்று மிராசுதார்களும் மனுவோடு வந்தார்கள். கைகலப்பு வருமென்று பயந்த போலீஸ், நடுவில் கயிறு கட்டியது. வெளியே தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. புங்கைக்கு அடியில் மட்டும் மண் குளுகுளுவென்று இருந்தது. வெயில் ஏற ஏற நிழல் நகர்ந்தது. நிழலோடு ஜனமும் நகர்ந்தது. உச்சி வேளையில் கயிற்றின் ஒரு பக்கம் காலி, மறுபக்கத்தில் இரண்டு கோஷ்டியும் இடித்துக்கொண்டு நின்றன. நடவுக்காரி அஞ்சலை தன் மிராசுதாரையே நிமிர்ந்து பார்த்தாள்.

"கூலியைப் பத்தி உள்ள போய்ப் பேசிக்கலாங்க. இப்பக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, என் மேல வெயில் அடிக்குது."

அவர் தள்ளி நின்றார். அன்று கைகலப்பு எதுவும் நடக்கவில்லை.

பட்ட மரம்

மறுவருடம் மாசியில் அந்த ஆபீஸுக்குப் புது ஓவர்சியர் மாற்றலாகி வந்தார். மாசியில் புங்கை எப்படி இருக்கும்? இலை எல்லாம் கொட்டி, குச்சி குச்சியாக நிற்கும். அண்ணாந்து பார்த்தார், பைலில் எழுதினார்: பட்ட மரம், ஏலம் விடவும், அவ்விடத்தில் தகரக் கொட்டகை போடவும். தகரத்துக்கு அடியில் மனுஷன் வெந்துபோவான் என்றேன். பங்குனியில் துளிர்த்துவிடும் சார் என்று கெஞ்சினேன். அவர் பேனாவை மூடினார்.

"மேஸ்திரி, பைலில் பட்டுப்போனது துளிர்த்து நான் பார்த்ததில்லை."

ஏலம் எடுத்தவர்

மரக்கடை காதர் பாய் ஏலம் எடுத்தார். நல்லவேளை, அவருக்கு வேறு இடத்தில் வெட்டு வேலை இருந்தது. தினமும் விடிந்ததும் ஓடிப்போய்க் கிளைகளைப் பார்ப்பேன். வீட்டில் என் சம்சாரம், "மரத்துக்குப் பிரசவமா?" என்று கேட்டாள். பங்குனி பாதியில் துளிர் விட்டது. சித்திரையில் ஆகாயம் தெரியாத அளவுக்கு மூடிக்கொண்டது.

அப்போதுதான் பாய் இரண்டு ஆட்களோடும் ரம்பத்தோடும் வந்து சேர்ந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பில் மூவரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், அப்படியே படுத்துத் தூங்கிவிட்டார்கள். ரம்பம் என் காலடியில் கிடந்தது. எடுத்து ஒளித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பாய் எழுந்தார், ஏலச் சீட்டைப் படித்தார், அண்ணாந்து பார்த்தார். நேரே உள்ளே போய் ஓவர்சியரையே அழைத்து வந்தார். வெற்றுத்தலையோடு வாசலைக் கடந்த ஓவர்சியர், நிழலுக்குள் நுழைந்ததும் தன்னையறியாமல் "அப்பாடா" என்றார். பாய் பணிவாகச் சீட்டை நீட்டினார்.

"சார், நான் எடுத்தது பட்ட மரம். அது எங்க இருக்குன்னு காட்டுங்க, வெட்டிட்டுப் போயிடறேன்."

ஏலம் ரத்தானது. மரத்துக்குப் பின்னால் போய் நின்று நான் நன்றாக அழுதேன்.

இத்தனை வருட சர்வீஸில் நான் கற்றுக்கொண்ட தோட்டக்கலை இவ்வளவுதான்: மாசி மாதத்தில் அதிகாரிகளை மரத்தடிக்கு அழைத்துப் போகக் கூடாது.